‘வில்’ என்பது எதிர்காலமா, பேசுபவரின் உறுதியா? மாலை வகுப்பில் எழுந்த ஒரு கேள்வி

தங்கச்சிமடம் மாலை வகுப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்பதால், படகுக்குப் போகும் பிள்ளைகள் சிலரும் எங்கள் மாலை வகுப்புக்கு வரத் தொடங்கியிருக்கிறார்கள். போட்டித் தேர்வுக்கான ஆங்கிலம்தான் பாடம். நேற்றுக் கரும்பலகையில் ஐந்து வாக்கியங்களை எழுதி ஆங்கிலத்தில் மாற்றச் சொன்னேன்: ‘நாளை மழை பெய்யும்’, ‘நாளை மழை பெய்யலாம்’, ‘நாளை மழை பெய்யக்கூடும்’, ‘மழை பெய்யப் போகிறது’, ‘அப்பா ஐந்து மணிக்குள் கரைக்கு வந்துவிட வேண்டும்’. பெரும்பாலானோர் முதல் நான்கு வாக்கியங்களுக்கும் ‘வில்’ என்ற ஒரே சொல்லைப் போட்டுவிட்டு, ஐந்தாவதற்கு ‘மஸ்ட்’ என்று எழுதினார்கள். அதாவது, அப்பா ஐந்து மணிக்குள் வரவில்லையென்றால் அவருக்குத் தண்டனை கிடைக்கும் என்பதுபோல் ஆகிவிட்டது.

‘வில்’ என்பதும் ‘மே’, ‘மைட்’, ‘கேன்’, ‘ஷுட்’ ஆகியவற்றின் வரிசையில் நிற்கும், உறுதி, வாய்ப்பு, அனுமதி, கடமை போன்றவற்றைக் காட்டும் ஒரு மோடல் துணைவினைதான் என்றும், ‘நடந்தான்’ என்பதற்கு இருப்பதுபோல் ‘நடப்பான்’ என்பதற்கென்று ஆங்கில வினைச்சொல்லில் தனி விகுதி கிடையாது என்றும் விளக்கினேன். உடனே ஒரு பையன், “அப்படியானால் ஆங்கிலத்துக்கு எதிர்காலமே இல்லையா, சார்?” என்று கேட்டுவிட்டான். வகுப்பு சிரித்தது. இலக்கண வடிவம் என்ற அளவில் இல்லை என்றே சொன்னேன். என்னுடன் பாடம் எடுக்கும் நண்பரோ, தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளை இப்படிக் குழப்பக் கூடாது என்கிறார். நான் சொன்னது தவறா? சரியென்றால், எந்த வழியில் சொல்லிக்கொடுப்பது?

மண்டபம் ஓய்வு தலைமையாசிரியர் எழுதியது:

தம்பி, உங்கள் நண்பர் சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மூன்று காலம் என்று அட்டவணை போட்டுத்தான் நாங்கள் கற்பித்தோம்; அப்படிப் படித்தவர்கள் இன்று நல்ல பதவிகளில் இருக்கிறார்கள். தன்மை இடத்தில் ‘ஷல்’, முன்னிலையிலும் படர்க்கையிலும் ‘வில்’. உறுதியையோ கட்டளையையோ சொல்ல வேண்டுமானால் இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த ஒரு விதியை மனத்தில் பதித்துவிட்டால் போதும். ‘மே’, ‘மைட்’ எல்லாம் ஐயத்தைச் சொல்பவை; அவற்றை எதிர்காலப் பாடத்தில் கொண்டுவந்து சேர்ப்பது தேவையற்ற சுமை.

தங்கச்சிமடம் மாலை வகுப்பு எழுதியது:

ஐயா, தங்கள் அனுபவத்துக்கு முன் நான் சிறியவன். ஆனால் அந்த ‘ஷல்–வில்’ விதியின் பிறப்பைப் பார்த்தால் அதன் மேல் அவ்வளவு பாரத்தை ஏற்ற முடியாது என்று தோன்றுகிறது. ஆங்கில இலக்கணத்தை லத்தீனில் எழுதிய ஜான் வாலிஸ் என்னும் கணித அறிஞர் 1653-இல் வகுத்துத் தந்தது அது. பிற்காலப் பள்ளி இலக்கணங்கள் அதையே வழிமொழிந்தன. 1925-இல் சார்லஸ் ஃப்ரீஸ் என்ற அமெரிக்க மொழியியலாளர் நாடக உரையாடல்களில் இவ்விரு சொற்களும் வரும் இடங்களை எண்ணிப் பார்த்து, வழக்கு அந்த விதியின்படி நடக்கவில்லை என்று காட்டினார். பிலிப்பைன்ஸிலிருந்து வெளியேற நேர்ந்த தளபதி மக்கார்தர் 1942-இல் ‘ஐ ஷல் ரிட்டர்ன்’ என்றார். விதிப்படி பார்த்தால் அது உணர்ச்சியற்ற வெறும் எதிர்காலத் தகவல். தன்மையில் சபதம் என்றால் ‘வில்’ அல்லவா வந்திருக்க வேண்டும்? கேட்டவர்கள் எவரும் அதைத் தகவலாக எடுத்துக்கொள்ளவில்லை.

விதியைக் கேலி செய்யும் பழைய கதை ஒன்றும் உண்டு. தண்ணீரில் மூழ்கிக்கொண்டிருந்த ஒருவன் ‘ஐ வில் ட்ரௌன், நோபடி ஷல் சேவ் மீ’ என்று கத்தினானாம். நான் மூழ்கியே தீருவேன், எவனும் என்னைக் காப்பாற்றக் கூடாது என்று அவன் ஆணையிடுவதாக விதிப்படி பொருள்கொண்டு, கரையில் நின்ற படித்தவர்கள் சும்மா இருந்துவிட்டார்களாம். நம் கரையில் முதலில் கயிற்றை வீசுவார்கள். இலக்கணத்தைப் பிறகு பார்த்துக்கொள்வார்கள்.

பழைய ஆங்கிலத்தில் ‘வில்’ என்பதன் மூலம் விரும்புதல் என்றும், ‘ஷல்’ என்பதன் மூலம் கடன்பட்டிருத்தல் என்றும் பொருள்பட்டன. ஒன்று ஆசை, மற்றொன்று கடமை. காலம் என்ற பொருள் இரண்டிலும் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டதே. நாம் ‘உயில்’ என்று எழுதுகிறோமே, அதுவும் இந்த ‘வில்’தான், ஆசை என்ற பழைய பொருள் பத்திரத்தில் இன்னும் அழியாமல் இருக்கிறது.

திருப்புல்லாணி தமிழ் முதுகலை எழுதியது:

இந்த இழையில் ஆங்கிலம் படித்தவர்களே பேசிக்கொண்டிருப்பதால் தமிழ்ப் பக்கத்திலிருந்து ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். தமிழில் எதிர்காலம் தூய்மையானது, ஆங்கிலத்தில்தான் கலப்படம் என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. ‘பெய்யும்’ என்பதில் உள்ள ‘உம்’ விகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘நாளை மழை பெய்யும்’ என்றால் எதிர்காலம். ‘ஐப்பசியில் மழை பெய்யும்’ என்றால் ஆண்டுதோறும் நிகழும் வழக்கம். கதவு தட்டும் ஓசை கேட்டு ‘தபால்காரராக இருக்கும்’ என்றால் அது இந்த நொடியைப் பற்றிய ஊகம். எதிர்காலத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இந்த மூன்று இடத்திலும் ஆங்கிலேயரும் ‘வில்’ போடுவார்கள். கதவு தட்டப்படும்போது ‘தட் வில் பி த போஸ்ட்மேன்’ என்பது அவர்கள் வழக்கு. ஆகவே ‘உம்’ போகும் இடத்துக்கெல்லாம் ‘வில்’ ஏறக்குறையத் துணைக்கு வருகிறது.

எதிர்மறையில் ஒப்புமை இன்னும் நெருக்கமானது. ‘மாட்டேன்’ என்பது மறுப்பா, எதிர்கால எதிர்மறையா? இரண்டும்தான். ‘வோண்ட்’ என்பதும் அப்படியே. பேச்சில் ‘எஞ்சின் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது’ என்கிறோம். உயிரில்லாத எஞ்சினுக்கு ஒரு பிடிவாதத்தை ஏற்றி, அதை நிகழ்காலத்தில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அதற்கு ‘த எஞ்சின் வோண்ட் ஸ்டார்ட்’ என்பதே சரியான வாக்கியம். அதை எதிர்காலம் என்று அட்டவணையில் அடைத்துவைத்திருக்கும் மாணவருக்கு, இன்று நடக்கும் கோளாறுக்கு ஏன் எதிர்காலம் வந்தது என்று விளங்கவே விளங்காது.

பாம்பன் விசைப்படகு எழுதியது:

ஐயா சொன்ன எஞ்சின் என்னுடையதாகத்தான் இருக்கும். சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். எனக்குத் தோன்றிய ஒரு வழியைச் சொல்கிறேன், தவறென்றால் திருத்துங்கள். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்கள் அல்லவா? ஒன்றாம் எண் முதல் பதினோராம் எண் வரை அதற்குப் படிகள் இருக்கின்றன. அதுபோல ‘மைட்’ ஒன்றாம் எண், ‘மே’ மூன்றாம் எண், ‘ஷுட்’ ஏழு, ‘வில்’ பத்து என்று சொல்லிக்கொடுத்தால், எங்கள் பிள்ளைகளுக்கு ஒரே நாளில் பிடிபட்டுவிடாதா?

தங்கச்சிமடம் மாலை வகுப்பு எழுதியது:

அண்ணன், உவமை அருமையாக இருக்கிறது. நானே வகுப்பில் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன், பிறகு உட்கார்ந்துவிட்டேன். கூண்டின் எண் புயல் எவ்வளவு கடுமையானது, துறைமுகத்துக்கு எவ்வளவு அருகில் வருகிறது என்பதைச் சொல்கிறது. ‘மைட்’, ‘வில்’ இவை புயலைப் பற்றியே பேசுவதில்லை. சொல்பவருக்கு எவ்வளவு உறுதி இருக்கிறது என்பதைப் பேசுகின்றன. நாளைக் காலை இரண்டு சொட்டுத் தூறல் விழும் என்று உறுதியாகத் தெரிந்தால் அதற்கு ‘வில்’. பெரும்புயல் இந்தப் பக்கம் திரும்பவும் கூடும், ஆந்திராவுக்குப் போய்விடவும் கூடும் என்றால் அதற்கு ‘மைட்’. கூண்டை வைத்துச் சொல்லிக்கொடுத்தால் பெரிய ஆபத்துக்கெல்லாம் ‘வில்’, சிறிய ஆபத்துக்கெல்லாம் ‘மைட்’ என்று எழுதத் தொடங்கிவிடுவார்கள். மேலும், ‘மே’, ‘மைட்’ இரண்டுக்கும் இடையே இருப்பதாகச் சொல்லப்படும் படியும் பேச்சில் மிக மெல்லியது. பலர் வேறுபாடின்றியே பயன்படுத்துகிறார்கள்.

‘ஷுட்’ பற்றியும் ஒரு எச்சரிக்கை. ‘த போட் ஷுட் பி இன் பை ஃபைவ்’ என்றால், எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஐந்து மணிக்குள் படகு வந்துவிட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு. நேற்றைய ஐந்தாம் வாக்கியத்துக்கு அதுவே விடை. நம் ‘வேண்டும்’ கடமைக்கும் எதிர்பார்ப்புக்கும் பொதுவாக இருப்பதுபோல ‘ஷுட்’ என்பதும் இரண்டுக்கும் பொது. ‘மஸ்ட்’ அப்படி இல்லை. ‘இட் மஸ்ட் ரெயின் டுமாரோ’ என்றால் முன்னறிவிப்பு ஆகாது, மழையிடம் கண்டிப்புக் காட்டுவதாகவே ஆகும். இன்னொன்று, ‘ஷுட்’ என்பதை நாம் விரும்பி எதிர்பார்ப்பவற்றுக்கே இயல்பாகச் சொல்வார்கள். நாளை புயல் வரும் என்று கணிக்கும்போது ‘தேர் ஷுட் பி எ ஸ்டார்ம்’ என்று எழுதினால், ஏதோ புயலுக்காக ஆசையோடு காத்திருப்பவர் போலத் தொனிக்கும்.

கீழக்கரை வளைகுடா எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நீங்கள் எல்லோரும் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு இந்தப் பாடம் பணத்தோடு வந்தது. இருபத்து மூன்று வயதில் வளைகுடாவுக்குப் போனபோது கையெழுத்திட்ட வேலை ஒப்பந்தத்தில், நிறுவனம் தங்குமிடம் ‘மே ப்ரொவைட்’ என்று இருந்தது. தருவார்கள் என்று நானாகவே எதிர்காலமாக வாசித்துக்கொண்டேன். அங்கே இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அது அவர்கள் விருப்பம். தந்தாலும் தரலாம், தராமலும் இருக்கலாம். மற்ற இடங்களிலெல்லாம், குறிப்பாக நான் செய்ய வேண்டியவை என்ற பகுதியில், ‘ஷல்’ என்றே வரிசையாக எழுதியிருந்தார்கள். முதல் எட்டு மாதச் சம்பளத்தில் பாதி அறை வாடகைக்கே போயிற்று. நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். எழுதியதை எழுதியபடிதான் செய்தார்கள், வாசித்தவன்தான் தவறினேன்.

தலைமையாசிரியர் ஐயா ‘மே’ என்பது வெறும் ஐயம் என்றார். ஒப்பந்தத்தில் அது ஐயம் அல்ல, உரிமை. ‘ஷல்’ அங்கே காலமும் அல்ல, கட்டாயம். நம் அரசியலமைப்பின் 52-ஆம் கூறு இந்தியாவுக்கு ஒரு குடியரசுத் தலைவர் ‘ஷல் பி’ என்கிறது. பிற்காலத்தில் என்றாவது ஒருநாள் ஒருவர் வருவார் என்று அதை எவரும் வாசிப்பதில்லை. இருந்தாக வேண்டும் என்பதே அதன் பொருள். இப்படி இரு பொருளுக்கு இடம் கொடுக்கிறது என்பதால்தான் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் உரிமையியல் நடைமுறை விதிகளை 2007-இல் எளிய நடையில் திருத்தி எழுதியபோது ‘ஷல்’ என்பதை நீக்கிவிட்டு, கட்டாயம் வரும் இடங்களில் ‘மஸ்ட்’ என்று எழுதினார்கள். எங்கள் ஊரிலிருந்து இன்றும் பிள்ளைகள் வெளிநாடு போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பயண அட்டையோடு இந்த மூன்று சொற்களையும் கொடுத்தனுப்புங்கள்.

மண்டபம் ஓய்வு தலைமையாசிரியர் எழுதியது:

கீழக்கரைத் தம்பி சொன்னதைப் படித்ததும் வருத்தமாக இருந்தது. ஒப்பந்தத்தில் வரும் ‘மே’ பற்றி நான் வகுப்பில் ஒருநாளும் பேசியதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அனுமதி கேட்கும் ‘மே ஐ கம் இன்’ என்பதோடு எங்கள் பாடம் முடிந்துவிடும். இருந்தாலும் ஒரு கேள்வி. ‘ஷல்–வில்’ விதி வழக்கில் இல்லை என்றால், ‘ஷல் ஐ ஓப்பன் த டோர்’ என்று இன்றும் கேட்கிறார்களே, அது எப்படி?

திருப்புல்லாணி தமிழ் முதுகலை எழுதியது:

ஐயா, அதற்குத் தமிழில் ஏற்கெனவே இடம் இருக்கிறது. ‘திறப்பேனா?’ என்று நாம் கேட்பதில்லை, ‘திறக்கட்டுமா?’ என்று கேட்கிறோம். ‘போவோமா?’, ‘போகலாமா?’ என்பவை ‘ஷல் வி கோ’. பிறரின் விருப்பத்தை அறிந்து செய்ய நினைக்கும்போது வரும் ‘அட்டுமா’ என்ற முடிவுதான் இன்றைய பேச்சு ஆங்கிலத்தில் ‘ஷல்’ குடியிருக்கும் வீடு. அமெரிக்கர்கள் அங்கேயும் ‘ஷுட் ஐ’ என்று கேட்டுவிடுவதுண்டு.

ஆனால் ‘லாம்’ விகுதி நம்மைக் கவிழ்க்கும் இடம் என்பதையும் சொல்ல வேண்டும். ‘மழை பெய்யலாம்’ என்றால் வாய்ப்பு, ‘நீ போகலாம்’ என்றால் அனுமதி, ‘வா, போகலாம்’ என்றால் அழைப்பு, ‘கொஞ்சம் ஓய்வெடுக்கலாமே’ என்றால் யோசனை. ஒரே விகுதி நான்கு வேலை பார்க்கிறது. இவை எல்லாவற்றுக்கும் ‘கேன்’ என்று போட்டுவிடுவது நம்மவர் வழக்கம்.

தங்கச்சிமடம் மாலை வகுப்பு எழுதியது:

மிகச் சரியாகச் சொன்னீர்கள். ‘இட் கேன் ரெயின் டுமாரோ’ என்ற வாக்கியத்தை நான் வாரம் ஒருமுறையாவது அடித்துத் திருத்துகிறேன். குறிப்பிட்ட ஒரு நாளில் நடக்கக்கூடிய ஒன்றை ‘கேன்’ முன்னறிவிக்காது. அங்கே ‘மே’, ‘மைட்’, அல்லது ‘கேன்’ என்பதன் இறந்தகால வடிவமான ‘குட்’ வர வேண்டும். இறந்தகால வடிவம் எதிர்காலத்துக்கு வருகிறதே என்று பிள்ளைகள் திகைப்பார்கள். காலத்தில் பின்னால் போவதுபோல உறுதியிலும் ஓர் அடி பின்வாங்குவது என்று நான் சொல்வேன். பொதுவான இயல்பைச் சொல்வதென்றால் ‘கேன்’ பொருந்தும். வாடைக்காலத்தில் வடகடல் கொந்தளிப்பதுண்டு, கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் தென்கடல் கொந்தளிப்பதுண்டு என்று நாம் சொல்வதற்கு ‘கேன் பி ரஃப்’ என்பது பொருத்தமான ஆங்கிலம். நாளைய கடலுக்கு அது உதவாது.

‘மே நாட்’ என்பதிலும் கவனம் வேண்டும். ‘படகுகள் வராமல் இருக்கலாம்’ என்பதற்கும் அதுதான், அறிவிப்புப் பலகையில் ‘படகுகள் செல்லக் கூடாது’ என்பதற்கும் அதுதான். தமிழில் ‘வரக்கூடும்’ என்பதன் எதிர்மறை ‘வரக்கூடாது’ அல்ல என்பதை நாம் யோசிக்காமலே அறிவோம்; ஆங்கிலத்தில் இடத்தைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டியிருக்கிறது. ‘மைட் நாட்’ என்று எழுதினால் தடை என்ற பொருளுக்கு இடமிருக்காது.

ஏர்வாடி மாணவி எழுதியது:

வணக்கம். நான் தேர்வுக்குத் தயாராகி வருகிறேன். எனக்கு இரண்டு ஐயங்கள். ‘இஃப் இட் வில் ரெயின்’ என்று எழுதியதைத் தவறு என்று அடித்துவிட்டார்கள். மழை எதிர்காலத்தில்தானே பெய்யப் போகிறது? இரண்டாவது, ‘அவர் நாளை வருவேன் என்று சொன்னார்’ என்பதை ‘ஹி செட் தட் ஐ வில் கம் டுமாரோ’ என்று எழுதினேன். அதையும் அடித்துவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை.

தங்கச்சிமடம் மாலை வகுப்பு எழுதியது:

தங்கை, இரண்டிலுமே தமிழைத் திரும்பிப் பார்த்தால் வழி கிடைக்கும். முதலாவதில் அது கை கொடுக்கிறது, இரண்டாவதில் காலை வாருகிறது.

‘மழை பெய்தால் போக மாட்டோம்’ என்று சொல்லும்போது ‘பெய்தால்’ என்பதில் எதிர்காலம் எங்கே இருக்கிறது? ‘பெய்த்’ என்பது இறந்தகால அடி. நிபந்தனையில் நாமும் எதிர்காலம் வைப்பதில்லை. ஆங்கிலத்திலும் ‘இஃப் இட் ரெயின்ஸ்’ என்று நிகழ்காலமே வரும். ‘வென்’ வரும் காலத் தொடரிலும் அப்படியே. ‘அப்பா வரும்போது சொல்வேன்’ என்பது ‘வென் ஃபாதர் கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்’. விலக்கு ஒன்று உண்டு: ‘இஃப் யூ வில் வெயிட் எ மினிட்’ என்றால், ஒரு நிமிடம் காத்திருக்க மனம் இருந்தால் என்று பொருள். பழைய ‘விருப்பம்’ அங்கே தலைகாட்டுகிறது, அதனால் அனுமதிக்கப்படுகிறது. மழைக்கு ஏது விருப்பம்?

இரண்டாவதில் சிக்கல் ‘என்று’ என்ற சொல்லிலிருந்து வருகிறது. அவர் வாயில் வந்த சொற்களை அப்படியே தூக்கிவந்து ‘என்று’ சேர்த்துவிடுவது நம் வழக்கம். அதனால் ‘வருவேன்’ என்பதில் உள்ள ‘நான்’ அப்படியே இருக்கலாம். ஆங்கிலத்தின் ‘தட்’ அந்த வேலையைச் செய்யாது. பேசியவர் ‘ஹி’ ஆக வேண்டும்; அன்றைக்கு எதிர்காலமாக இருந்தது இன்று கடந்த ஒரு பேச்சுக்குள் அடங்கிவிட்டதால் ‘வில்’ என்பது ‘வுட்’ ஆக வேண்டும். ‘நாளை’ என்பதும் மறுநாள் என்று மாறும், அந்த நாள் இன்னும் வராமல் இருந்தாலொழிய.

திருப்புல்லாணி தமிழ் முதுகலை எழுதியது:

இடையில் ஒரு சிறு செய்தி. இறந்தகாலத்தை எதிர்காலத்துக்குப் பயன்படுத்துவதைத் தொல்காப்பியரே விரைவு கருதி ஏற்றுக்கொண்டிருக்கிறார். வீட்டுக்குள் சட்டையை மாட்டிக்கொண்டே ‘இதோ வந்துவிட்டேன்’ என்று வாசலில் நிற்பவருக்குக் குரல் கொடுக்கிறோமே, அந்த வகை. அதை அப்படியே ‘ஐ ஹேவ் கம்’ என்று ஆங்கிலத்தில் சொன்னால், வாசலில் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார். அங்கேயும் ‘ஐ வில் பி தேர்’ அல்லது ‘கமிங்’ என்றுதான் சொல்ல வேண்டும்.

மண்டபம் ஓய்வு தலைமையாசிரியர் எழுதியது:

‘பெய்யப் போகிறது’ பற்றி எவரும் பேசவில்லையே. நேற்றைய நான்காம் வாக்கியம் அது.

தங்கச்சிமடம் மாலை வகுப்பு எழுதியது:

அது நமக்கு இலவசமாகக் கிடைத்த ஒன்று, ஐயா. ‘கோயிங் டு’ என்பதிலும் ‘போ’, நம்மிலும் ‘போ’. கிழக்கே கருமேகம் திரண்டு நிற்பதைக் கண்ணால் கண்ட பிறகு சொல்வது இரண்டு மொழியிலும் அதுதான். அது மோடல் வினை அல்ல என்பதால் அதிகம் பேசாமல் விட்டேன்.

வகுப்பில் இன்று மாலை ஒரு மாற்றம் செய்து பார்த்தேன். ஆங்கில அட்டவணையை எழுதாமல், தமிழ் வாக்கியத்தின் கடைசி விகுதியின் கீழ்க் கோடு போடச் சொல்லி, அந்த விகுதி என்ன வேலை பார்க்கிறது என்று முதலில் தமிழிலேயே சொல்லச் சொன்னேன். ‘உம்’, ‘லாம்’, ‘கூடும்’ மூன்றும் பிரிந்துவிட்டன. ‘ஜூன் 15-க்குப் பிறகு கடலுக்குப் போக முடியும்’ என்பதில்தான் சறுக்கினார்கள். ‘வி வில் கேன் கோ’ என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். இரண்டு மோடல் வினைகள் ஒன்றன்மேல் ஒன்று உட்காராது, ‘வில் பி ஏபிள் டு’ என்று சுற்றித்தான் போக வேண்டும் என்று சொல்லி முடிப்பதற்குள் மின்சாரம் போய்விட்டது.

பாம்பன் விசைப்படகு எழுதியது:

அந்த மூவரில் ஒருவன் என் அக்கா மகன். வீட்டுக்கு வந்து, “மாமா, 15-ஆம் தேதி நாம் கடலுக்குப் போவோமா, போகலாமா, எதை எழுதுவது?” என்று கேட்டான். கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடைக்க வேண்டும், எஞ்சின் வேலை முடிய வேண்டும், கச்சானும் கொஞ்சம் அடங்க வேண்டும். 14-ஆம் தேதி இரவு சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

தங்கச்சிமடம் மாலை வகுப்பு எழுதியது:

அண்ணன், ‘14-ஆம் தேதி இரவு சொல்கிறேன்’ என்று நிகழ்காலத்தில் எழுதியிருக்கிறீர்கள். நாளைய வகுப்புக்கு அந்த வாக்கியத்தை எடுத்துக்கொள்ளட்டுமா? அதை ‘ஐ ஆம் டெல்லிங்’ என்று எழுதாமல் ‘ஐ வில் டெல் யூ’ என்று எழுத எத்தனை பேருக்குத் தோன்றுகிறது என்று பார்க்க வேண்டும்.